பாக்கெட்டைத் திறந்துவிட்டால் உரிமை போய்விடுமா?

மூன்று பனியன் கொண்ட பாக்கெட். வீட்டில் பிரித்தால் ஒன்றில் தோள் தையல் விட்டிருக்கிறது. கடைக்குக் கொண்டு போனால், "திறந்திட்டீங்களே அக்கா, மாத்த முடியாது" என்று சுவரில் ஒட்டிய அறிவிப்பைக் காட்டுகிறார்கள்.

நேயர்களே, அந்த அறிவிப்பைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் அதன் விலைக்கேற்ற தரத்தில் இருக்க வேண்டும். சிறு குறைகளும் கணக்கில் வரும். அறிவிப்பு ஒட்டி இந்த உரிமையைப் பறிக்க முடியாது. அதோடு, பாக்கெட்டைத் திறக்காமல் உள்ளே இருக்கும் தையலை எப்படிப் பார்ப்பதாம்?

முதலில் கடைக்காரருக்குச் சரிசெய்ய வாய்ப்புக் கொடுங்கள். வேறு தரலாம், பணத்தைத் திருப்பலாம். மற்ற இரண்டையும் அணியாமல், ரசீதோடு சீக்கிரம் போங்கள். மாதக்கணக்கில் போட்டுத் துவைத்த பிறகு போனால் திருப்பிக் கொடுக்கும் உரிமை நிற்காது. அளவு தவறியதும் நிறம் பிடிக்காததும் குறையல்ல. அங்கே கடைக்காரரின் தயவுதான்.

அவர் மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி. மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் வேண்டாம், நீங்களே பேசலாம். 2019 முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் அதே மன்றம், இருபது வெள்ளிப் பனியனையும் விசாரிக்கும். முதலில் ஆலோசனை வேண்டுமென்றால், ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திற்கு ரசீதையும் பனியனையும் கொண்டு போங்கள்.