அழித்த பிறகும் டிஸ்க் ஏன் நிறைந்தே இருக்கிறது?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு கோடி வரிசைகளை டெலிட் செய்துவிட்டு உடனே டிஸ்க்கைப் பாருங்கள். ஒரு எம்பி கூடக் குறைந்திருக்காது. ஏன்?

அதே நொடியில் அந்த வரிசைகளை வேறொருவர் படித்துக்கொண்டிருக்கலாம். அதனால் டெலிட் எதையும் அகற்றுவதில்லை. வரிசையின் முகப்பில் 'எக்ஸ்மேக்ஸ்' என்ற இடத்தில் தன் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடும். அப்டேட்டும் பழையதை விட்டுவைத்துப் புதுப் பிரதி எழுதும். படிப்பவரை எழுதுபவர் காக்க வைப்பதில்லை. அருமையான ஏற்பாடு, அதற்குக் கொடுக்கும் விலைதான் இந்தக் குப்பை.

அதை அள்ளுவது ஆட்டோவாக்யூம். இயல்பு அமைப்பில், அட்டவணையில் சுமார் 20 சதவீதம் செத்த வரிசைகள் சேர்ந்த பிறகே கிளம்பும். நூறு கோடி வரிசை என்றால் 20 கோடி! 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பு இதற்கு 10 கோடி என்று உச்சவரம்பு வைத்தது. என்னைக் கேட்டால் அதுவும் அதிகம். பெரிய அட்டவணைகளுக்கு ஒன்றிரண்டு சதவீதம் என்று நீங்களே குறைத்துவையுங்கள்.

வாக்யூம் மீட்கும் இடம் பெரும்பாலும் அதே அட்டவணையின் புதிய வரிசைகளுக்குத்தான் போகும். டிஸ்க்குக்கே திரும்ப வேண்டுமானால் வாக்யூம் ஃபுல். அது முடியும்வரை அந்த அட்டவணையைப் பூட்டிவைக்கும், அதில் செலக்ட் கூட ஓடாது. பகலில் அதைத் தொடவே தொடாதீர்கள். பிஜி_ரீபேக் கருவி அதே வேலையைச் சிறிது நேரப் பூட்டோடு முடித்துத் தரும்.