ஆற்றில் இறங்கி மீன்பிடிப்பவரா? கைவலையை முதுகில் மாட்டுங்கள்

வார இறுதிகளில் சுங்கை சிப்புட், கோப்பேங் வட்டார ஆறுகளில் முழங்கால் நீரில் நின்று தூண்டில் வீசும் நம்மவர்களைக் காணலாம். தோட்டத்து அல்லூரில் விரால் பிடித்தவர்களுக்கு, செபாராவும் தெங்காசும் பிடிப்பது அடுத்த கட்டம். ஆனால் பலர் ‘தங்குக்’ எனப்படும் கைவலையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அதில்தான் ஆபத்து.

எனக்கும் அது நேர்ந்தது. இடுப்பு வாரில் இறுக முடிச்சுப் போட்டிருந்த வலை, வழுக்கிய கணத்தில் நீருக்குள் விரிந்தது. ஓடும் நீரில் விரிந்த வலை, காற்றில் விரித்த குடை போல ஆளை இழுக்கும். முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற நண்பர் கை கொடுத்ததால் கரை சேர்ந்தேன்.

குளிர்நாடுகளில் டிரவுட் மீனுக்காக ஆற்றில் இறங்குவோர் பின்பற்றும் முறை நமக்கும் உதவும்.

எங்கே மாட்டுவது? இரு தோள்களுக்கு நடுவே, முதுகில். சட்டைப் பையின் மேல் வளையத்திலோ தோள்பையின் கைப்பிடியிலோ தொங்கவிடலாம். வலது கையில் தூண்டில் பிடிப்பவர், இடக்கையைப் பின்னால் கொண்டுபோனால் வலை எட்ட வேண்டும். வீட்டிலேயே நாலைந்து முறை எடுத்துப் பழகுங்கள்.

எதில் மாட்டுவது? காந்தப் பிடி நல்லது. இழுத்தால் பிரியும், அருகே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். வலை கைநழுவிப் போகாமல் ஒரு சுருள் கயிறும் வேண்டும். அந்தக் கயிற்றை நேராகக் கொக்கியில் பூட்டாதீர்கள். பாரம் இழுக்கும்போது கொக்கி எளிதில் திறக்காது. இடையில் மெல்லிய நூலால் ஒரு கண்ணி போடுங்கள். வலையின் எடையை அது தாங்கும். ஆளை இழுக்கும் அளவு பாரம் வந்தால் அறுந்துவிடும். வலை போனால் வேறு வாங்கலாம். கயிற்றை மணிக்கட்டில் சுற்றவே கூடாது. சிறு கத்தரி ஒன்று நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும்.

மூங்கில், பிரம்புப் புதர் வழியே நடக்கும்போது வலையைக் கழற்றிக் கையில் பிடியுங்கள். கிளையில் சிக்கிய வலையைக் கயிறு இழுத்துப் பிடித்து, விடுபட்டதும் பின்மண்டையில் அடிக்கும்.

மீன் களைத்தபின் வலையை நீரில் அமிழ்த்தி, தலைப் பக்கமாக அதன் மேல் கொண்டுவந்து தூக்குங்கள். வலையால் மீனைத் துரத்தினால் தூண்டில் நரம்பு அறுந்துபோகும். திரும்ப விடுவதாக இருந்தால் ரப்பர் வலையே நல்லது, செதில் கெடாது.

கடைசியாக ஒன்று. மலையில் மழை பெய்தால், நாம் நிற்குமிடத்தில் வெயில் அடித்தாலும் ‘கெப்பாலா ஆயிர்’ எனும் திடீர் நீர்ப்பெருக்கு வரலாம். நீர் கலங்கினாலோ, இலைச் சருகு மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள். அப்போது வலையையும் மீனையும் பார்க்க வேண்டாம். தனியாகப் போகாதீர்கள்; போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அவசரத்துக்கு 999.