அதட்டலில் நடந்த ஆலை

மணியாச்சியில், 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட வரலாற்றை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடிக் கோரல் மில்லில் நடந்ததையோ பெரியவர்களிலும் பலர் அறியார். ஹார்வி கம்பெனியாரின் நிர்வாகத்திலிருந்த அந்த நூற்பாலையில் விடியலில் நுழைந்தவன் இருட்டிய பிறகே வெளிவருவான், ஞாயிற்றுக்கிழமைக்கும் ஓய்வில்லை, கூலி சொற்பம், சிறு பிழைக்கும் பிரம்படி விழுந்தது என்பார்கள். 1908 பிப்ரவரி 27 அன்று, வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஊட்டிய தைரியத்தால் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பத்து நாட்களுக்குள் கூலி உயர்வு, வேலைநேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகிய மூன்றுக்கும் நிர்வாகம் இணங்கியது.

பத்தே நாளில் கொடுக்க முடிந்ததை அதுவரை ஏன் கொடுக்கவில்லை? இலாப ஆசை ஒரு காரணம். அதனினும் ஆழமானது, தண்டனையால் ஆள்பவனுடைய செவிக்கு உண்மை எட்டுவதே இல்லை என்பது. கீழே உள்ளோர் அவனுக்குப் பிரியமானதை மட்டும் சொல்லிப் பழகுகிறார்கள். திறமைசாலி வேறிடம் தேடிப் போகிறான். போக வழியற்றவன், தான் வாங்கிய வசவைத் தனக்குக் கீழிருப்பவன் மேல் இறக்கிவைக்கிறான்.

எங்கள் கரிசல் சீமையின் தீப்பெட்டி ஆபீசுகளில் இந்த விபரீதத்தைப் பிரத்தியட்சமாகக் காணலாம். ஐப்பசி அடைமழையில் மருந்து முக்கிய குச்சி சரியாகக் காய்ந்திராது. அதைப் பெட்டியில் அடைக்கும் பெண்ணுக்கு அது விரல் பட்டவுடனே தெரியும். ஆனால் முந்திய வாரம் இதையே சொன்னவளுக்குப் பத்துப் பேர் நடுவில் கிடைத்த ஏச்சை நினைத்து அவள் வாய் திறக்கமாட்டாள். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், அவரும் பேசாதிருப்பார். சரக்கு வெளியூர் போய்த் திரும்பி வரும்போதுதான் முதலாளிக்கு விஷயம் விளங்கும். திரும்பி வருவது பணநஷ்டம் மட்டுமே. மருந்து அறையில் ஏதேனும் கோளாறு என்று சொல்ல வேண்டியவள் இப்படியே மௌனமாக இருந்துவிட்டால் போவது உயிர். ஆகவே, வேலைக்காரரை அதட்டுவதைக் கண்டிப்பு என்று மெச்சுகிறவர்களை என்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ள இயலவில்லை. கண்டிப்பான முதலாளியிடம் பயமின்றிக் குறை சொல்லலாம்; கொடுமைக்காரனிடம் சொல்ல முடியாது.

கோரல் மில்லுக்கே திரும்புவோம். வேலைநிறுத்தம் முடிந்த சில தினங்களில், மார்ச் 12 அன்று, வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். செய்தி பரவியதும், வருஷக்கணக்காய்த் தண்டனைக்கு அஞ்சி உழைத்த அதே தொழிலாளர், இம்முறை கூலி பற்றிய கோரிக்கை ஏதுமின்றியே, ஆலையை விட்டு மீண்டும் வெளியேறினார்கள்.