அழகிய தெரு எவருக்காக?

பழைய தெரு ஒன்று புதுப்பொலிவு பெறுவதைக் கண்டு மகிழாதவர் எவர்? ஆயினும் அம்மகிழ்ச்சியினூடே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நேற்றுவரை அங்கு வாழ்ந்த எளியோர் இன்று எங்கே?

தெரு அழகு பெற்றதும் வசதி படைத்தோர் குடியேறுகின்றனர், வாடகை உயர்கிறது, ஏழைகள் ஓசையின்றி வெளியேறுகின்றனர். இலண்டனில் இம்மாற்றத்தை ஆராய்ந்த சமூகவியல் அறிஞர் ரூத் கிளாஸ், 1964இல் இதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' எனப் பெயரிட்டார். இதில் கட்டடக் கலைஞரின் பங்கு யாது? இரு நகரங்களின் வரலாறு நமக்கு விடை தரும்.

நியூயார்க்கில், சரக்கு இரயில்களுக்கென 1934இல் திறக்கப்பட்ட உயர்மட்ட இருப்புப்பாதை, 1980க்குப் பின் புல் மண்டிக் கிடந்தது. அதை இடிக்கவிடாமல் காக்க இருவர் முன்வந்தனர். ஜேம்ஸ் கார்னர் முதலிய வல்லுநர்களின் கைவண்ணத்தில், 2009இல் அது 'ஹை லைன்' என்னும் பூங்காவாக மலர்ந்தது. இதற்கிடையே 2005இல் மாநகராட்சி, சுற்றிலும் அடுக்குமாடிகள் எழ விதிகளைத் திருத்தியது. புகழ்பெற்ற கலைஞர்கள் அங்குச் செல்வர்க்கான இல்லங்களை வரைந்தனர். அருகிலேயே அரசுக் குடியிருப்புகளில் வாழும் எளியோர்க்கோ அப்பூங்கா அந்நியமாயிற்று. அதைத் தோற்றுவித்த இருவருள் ஒருவரான ராபர்ட் ஹாமண்ட், அம்மக்களுக்கு உரியதைச் செய்யத் தவறினோம் என 2017இல் வெளிப்படையாகக் கூறினார். பூங்காவின் வடிவம் எப்படி இருக்கலாம் என்று மக்களிடம் கேட்டார்களாம். அவர்களுடைய தேவை என்ன என்று கேட்கவில்லையாம்!

பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் நிகழ்ந்ததோ வேறு. அங்கே சிறு சதுக்கம் ஒன்றை அழகுபடுத்துமாறு 1996இல் ஆன் லக்கத்தோன், ஜான்-பிலிப் வசால் என்னும் கட்டடக் கலைஞர் இருவரைப் பணித்தனர். அவர்கள் அங்கு வாழ்வோரிடம் பேசிப் பார்த்துவிட்டு, சதுக்கம் ஏற்கெனவே அழகாயிருக்கிறது, பராமரித்தாலே போதும் என்றனர்.

அதே நகரின் கிராண்ட் பார்க் பகுதியில், 1960களில் கட்டப்பட்ட 530 வீடுகளை இவர்களும் தோழர்களும் புதுப்பித்தனர். எதையும் இடிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறத்தாழ 4 மீட்டர் ஆழமுள்ள, கண்ணாடி அடைப்புடன் கூடிய முகப்பு மாடத்தை வெளிப்புறமாக இணைத்தனர். வேலை நடந்தபோதும் குடும்பங்கள் தத்தம் வீடுகளிலேயே இருந்தன, வாடகையும் உயரவில்லை. 2021இல் கட்டடக் கலையின் உயரிய பிரிட்ஸ்கர் விருது இவ்விருவரையும் நாடி வந்தது.

நிலத்தின் விலையைக் கட்டடக் கலைஞர் நிர்ணயிப்பதில்லை. பணமும் சட்டமுமே நிர்ணயிக்கின்றன என்பது மெய்யே. ஆயினும் எதை இடிப்பது, எதைக் காப்பது, எவரைக் கலந்து பேசுவது என்பவற்றில் அவருடைய சொல்லுக்கு மதிப்புண்டு. வடிவமைப்பின் அழகைத் தேடுவது மட்டும் போதாது, மக்களின் நல்வாழ்வு என்னும் அழகுக்குத் தொண்டாற்றுவது அதனினும் மேலானது என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் நினைவூட்டினார்.

நம் குடும்பங்களிலும் பிள்ளைகள் கட்டடக் கலை பயில்கின்றனர். வரைகோல் எடுக்குமுன் அவ்விடத்தில் வாழ்வோரின் வாசலில் நின்று பேசுமாறு அவர்களைப் பழக்குவோம். பெற்றோராகிய நாம் இல்லத்திலேயே தரக்கூடிய பயிற்சி அது.