உங்களுக்குத் தெரியுமா? லயத்து வாசலில் நடந்த பள்ளிக்கூடம்

பிள்ளைகளை வீட்டிலேயே படிப்பிக்க உரிமை கேட்டு அரசோடு வழக்காடும் பெற்றோர் உலகில் பலர். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஆமிஷ் கிறிஸ்தவக் குடும்பங்கள் 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றன. ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு இடமில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2019இல் அரசின் பக்கமே நின்றது.

இலங்கை மலையகத்தின் நானுஓயா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களின் கதை நேர்மாறானது. இங்கே பள்ளிக்கூடம் வந்து சேராததால்தான் படிப்பு லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசலில் நடந்தது. பெற்றோர் கொழுந்து மலையிலிருந்து திரும்பிய பிறகு, குப்பி லாம்பைச் சுற்றிப் பிள்ளைகள் உட்காருவார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பார்.

ஆறு முதல் பத்து வயதுவரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தருவது தோட்டத்துரையின் கடமை என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனால் சிறுவர் உழைப்பும் தோட்டத்துக்குத் தேவைப்பட்டதே! துரைமார் பலர் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாகக் கடமையை முடித்துக்கொண்டார்கள். 1945இல் வந்த இலவசக் கல்வியும் தோட்டப் பாடசாலைகளை உரியபடி எட்டவில்லை. 1970களின் பிற்பகுதியில்தான் அரசு அவற்றைப் பரவலாகப் பொறுப்பேற்றது.

1998 முதல் 5–14 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடசாலை கட்டாயமானது. 2016இல் அது 16 வயதுவரை நீண்டது. வீட்டுக்கல்வி கேட்கும் பெற்றோரின் உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் மலையகத்தில் பிள்ளை வீட்டில் நின்றால், முதலில் விசாரிக்க வேண்டியது பஸ் காசையும் பாதையையும்தான்.