கன்னியின் கையில் ஒரு கதிர்

இராசி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவது கலியாணக் குறிப்பும் பொருத்தம் பார்த்தலுமே. இல்லையேல் வாரப் பத்திரிகைகளில் வரும் பலன்கள். அவற்றை நம்புவோரும் உளர், நகைப்போரும் உளர். அந்த வழக்கை இன்று நாம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. மேடம் முதல் மீனம் வரையான பன்னிரண்டு உருவங்களும் எங்கே பிறந்தன, எந்தெந்தக் கதைகளிலும் சிற்பங்களிலும் குடியிருந்தன என்பதையே பார்க்கப் போகிறோம். மனிதனின் தலைவிதியைச் சொல்ல வருமுன் இவை அவனுக்கு உழவையும் அறுவடையையும் நினைவூட்டின. அந்த நினைவு இன்றும் இவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தைகிரிஸ், யூப்ரட்டிஸ் ஆறுகளுக்கிடையே வாழ்ந்த பபிலோனிய மக்கள், களிமண் பலகைகளில் வான நூலொன்றை எழுதி வைத்தனர். 'முல் அபின்' என்பது அதன் பெயர். கலப்பை விண்மீன் என்பது அதன் பொருள். ஒரு வான நூல் கலப்பையின் பெயரோடு தொடங்குவதைக் கவனியுங்கள். எந்த மாதத்தில் எந்த விண்மீன் கூட்டம் சூரியோதயத்திற்கு முன் கீழ்வானில் தோன்றும் என்பதை அந்நூல் வரிசையாகக் கூறுகிறது.

ஆண்டின் முதல் மாதத்தில், வசந்தத்தில், தோன்றுவதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கூலியாள்'. வாற்கோதுமை அறுவடை நெருங்கும் காலம் அது. கூலியாள் என்பதன் எழுத்துக்குறி ஆட்டையும் குறிக்கக்கூடியதாக இருந்தமையால், காலப்போக்கில் அந்தத் தொழிலாளி ஆட்டுக்கடாவாக மாறினான் என அறிஞர் கருதுவர். இன்று நாம் மேடம் என்று அழைப்பது, ஒரு காலத்தில் வயலுக்குப் போன கூலியாள்!

ஆறாம் மாதத்தில் தோன்றுவது 'உழவுசால்'. அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த நிலத்தை மீண்டும் உழுது விதைக்கும் பருவம் அதன் பின்னே வரும். அந்த உழவுசாலுக்கு உரியவளாகச் சாலா என்ற பெண் தெய்வத்தை, கையில் தானியக் கதிரோடு, அவர்கள் கண்டனர். இவளே பின்னாளில் கன்னி இராசியானாள். சூரியனின் பாதையைத் தலா 30 பாகை கொண்ட பன்னிரண்டு சம பங்குகளாக வகுத்தவர்களும் பபிலோனியரே. இது கி.மு. 5ஆம் நூற்றாண்டளவில் நிகழ்ந்தது.

பபிலோனில் இருந்து கிரேக்கத்திற்குச் சென்றபோது இந்த உருவங்களுக்குப் புதிய கதைகள் கிடைத்தன. ஆட்டுக்கடா, பிறிக்சஸ் என்ற இளவரசனைச் சுமந்து சென்ற பொன்மயிர் ஆடாயிற்று. சிங்கம், ஹெராக்கிளிஸ் கொன்ற நெமியச் சிங்கமாயிற்று. நண்டோ, அதே வீரன் நீர்ப்பாம்போடு போராடியபோது அவன் காலைக் கவ்விய பிராணியாயிற்று. ஆனால் கன்னியின் கையிலிருந்த கதிரைக் கிரேக்கர் பறிக்கவில்லை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அராத்தஸ் என்ற கவிஞர் தமது வானியற் காவியத்தில் இவளது கதையைச் சொல்கிறார். பொற்காலத்தில் நீதித் தெய்வமான இவள் மனிதரோடு மனிதராக வாழ்ந்தாள். வெள்ளிக் காலத்தில் மலைகளுக்கு ஒதுங்கி, மாலை வேளைகளில் மட்டும் வந்து மக்களை எச்சரித்தாள். பின்னர் வெண்கலக் காலம் வந்தது. அக்காலத்து மனிதரே முதன்முதலாக வாளைச் செய்தனர். உழவு மாட்டைக் கொன்று உண்டவர்களும் அவர்களே. அதைப் பொறுக்காத கன்னி மண்ணைவிட்டு விண்ணுக்குப் போய்விட்டாள். வாள் செய்ததையும் உழவு மாட்டைக் கொன்றதையும் கவிஞர் ஒரே மூச்சில் சொல்வது சிந்திக்கத்தக்கது. நீதி நீங்கிய உலகத்திற்கு அவர் கண்ட அடையாளங்கள் இவை இரண்டுமே.

கன்னி இராசியின் மிகப் பிரகாசமான விண்மீனுக்கு உரோமர் இட்ட பெயர் ஸ்பைக்கா. இலத்தீன் மொழியில் அதற்குத் தானியக் கதிர் என்பதே பொருள். நமது சித்திரை நட்சத்திரம் அதுதான்.

இந்தியாவிற்கும் அக்கதிர் வந்து சேர்ந்தது. கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் 'பிருகத் ஜாதகம்' என்ற நூலில் கிரேக்கப் பெயர்களையே சமஸ்கிருத உருவில் தருகிறார். மேடத்திற்குக் 'கிரிய', சிம்மத்திற்கு 'லேய', கன்னிக்குப் 'பாதோன' என்பன அவற்றுட் சில. உருவங்களோ மண்ணுக்கேற்ப மாறியுள்ளன. கிரேக்கரின் இரட்டைச் சகோதரர் இங்கே கதை ஏந்திய ஆணும் வீணை ஏந்திய பெண்ணுமாகி மிதுனமாயினர். கன்னி ஓடத்தில் ஏறிக்கொண்டாள். ஒரு கையில் நெருப்பு. மறு கையில், ஆம், தானியக் கதிர்.

மகரத்தின் பயணம் இன்னும் சுவையானது. பபிலோனியருக்கு அது முன்பாதி ஆடும் பின்பாதி மீனுமான விலங்கு. நிலத்தடி நன்னீருக்கு அதிபதியான ஈயா என்ற தெய்வத்தின் சின்னம். நில எல்லைகளைப் பொறித்த கற்களில் அதன் உருவத்தைக் காணலாம். கிரேக்கர், பான் என்ற ஆட்டுக்கால் தேவன் அரக்கனுக்கு அஞ்சி ஆற்றிற் குதித்தபோது பாதியுடல் மீனாயிற்று என்றனர். இந்தியாவிலோ மகரம் என்றோர் நீர் விலங்கு ஏற்கெனவே இருந்தது. கங்கையின் வாகனமும் காமனின் கொடியும் அதுவே. ஆட்டுமீன் அதனோடு கலந்து, மான்முகம் கொண்ட மகரமாக வராகமிகிரரின் நூலில் நிற்கிறது. இராசியாக அன்றி நீரின் சின்னமாக வந்த அந்தப் பழைய மகரத்தை நமது நாட்டு விகாரைகளிலும் கோயில்களிலும் உள்ள மகர தோரணங்களில் நாம் நாளும் காண்கிறோம்.

இனி ஐரோப்பாவிற்குச் செல்வோம். பிரான்சின் அமியான் நகரத்துப் பேராலயம் 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் முகப்பில் இராசிகள் ஒரு வரிசையாகவும், அவற்றின் கீழே அந்தந்த மாதத்தின் தொழில்கள் மறு வரிசையாகவும் செதுக்கப்பட்டுள்ளன. சிங்கத்தின் கீழே ஒருவன் கதிர் அறுக்கிறான். கன்னியின் கீழே ஒருவன் சூடடிக்கிறான். சோதிடத்தை ஐயத்தோடு நோக்கிய திருச்சபை, இராசிகளை ஆலய வாயிலில் ஏன் அனுமதித்தது? காலம் இறைவனுடையது, அதில் உழைப்பு மனிதனுடையது என்ற கருத்தை எழுத்தறியாத உழவனுக்கு உணர்த்த இதைவிட எளிய படம் வேறில்லை. வாயிலைக் கடந்து செல்பவன் தன்னையே அங்கே கண்டான்.

லிம்பூர்க் சகோதரர் மூவர் 1412 முதல் 1416 வரை பெரிக் கோமகனுக்காகத் தீட்டிய செபநூலிலும் இதே மரபுதான். மாளிகைகளுக்கு முன்னே குடியானவர்கள் உழுகிறார்கள், வைக்கோல் சேர்க்கிறார்கள், பெப்ரவரிப் பனியில் தீக்காய்கிறார்கள். அவர்களுக்கு மேலே நீல வளைவில் அம்மாதத்தின் இரு இராசிகள். இந்நூல் இன்று பிரான்சின் சாந்தியி நகர அரும்பொருளகத்தில் உள்ளது.

ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. வானம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பருவங்களும் விண்மீன்களும் விலகுகின்றன. மேல்நாட்டார் மேடத்தை மார்ச் 21 அளவில் தொடங்க, நாம் ஏப்ரல் 14 அளவில் தொடங்குவது இதனாலேயே. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22 அளவில். நமது மகரப் பிறப்பான தைப்பொங்கலோ மூன்று வாரங்களுக்கு மேல் பிந்தி வருகிறது. தேசப்படத்தில் உள்ள கடகக் கோடும் மகரக் கோடும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வானத்தின் ஞாபகங்கள். வானம் விலகிய பின்னும் மனிதர் அந்தப் பெயர்களைக் கைவிடவில்லை.

தமிழிலக்கியத்திலும் இராசிச் சித்திரமொன்று உண்டு. சங்க நூலான நெடுநல்வாடையில், கூதிர்கால இரவில், அரசி தனியே கட்டிலில் இருக்கிறாள். அரசன் போர்ப் பாசறையில். கட்டிலின் மேல் விதானத்தில், ஆட்டை முதலாகக் கொண்ட இராசிகளின் வழியே செல்லும் ஞாயிறும், திங்களை விட்டுப் பிரியாத உரோகிணியும் தீட்டப்பட்டிருக்கின்றன. அவள் அதை அண்ணாந்து பார்க்கிறாள். உரோகிணியைக் கண்டு பெருமூச்செறிகிறாள். கண்ணீர் வழிகிறது.

அவள் அந்தப் படத்திடம் பலன் எதுவும் கேட்கவில்லை. ஞாயிறு தன் வழியில் போகிறது, உரோகிணி தன் துணையோடு இருக்கிறாள், தன் துணைவன் மட்டும் இன்னும் வரவில்லை என்பதே அவளுக்குத் தெரிந்தது. பபிலோனிய உழவன் விதைக்கும் நாளுக்காக வானத்தைப் பார்த்தான். அமியான் நகரத்துக் குடியானவன் தன் உழைப்பைப் பார்த்தான். இவள் தன் பிரிவைப் பார்த்தாள். அராத்தஸ் பாடிய கன்னியோ, உழவு மாடு கொல்லப்பட்ட அன்று ஏறிய வானத்தில், கதிரைக் கீழே போடாமல் இன்னும் நிற்கிறாள்.