பூட்டிய பெட்டியும் துருவேறிய உளியும்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பர் நம் முன்னோர். அவ்வல்லவன் மறைந்தபின் அவனுடைய ஆயுதங்களை என் செய்வது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டறை ஓய்ந்துபோன வீடுகளிலெல்லாம் இவ்வினா எழுகின்றது: கருவிகளை வைத்திருப்பதா, விற்பதா? விடை காணத் தாமதித்து நட்டமுற்றவர்களுள் நானும் ஒருவன்.

என் தந்தையார் யாழ்ப்பாணத்தில் தச்சுத்தொழில் செய்தவர். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்த இரவில், அவர் தமது துவிச்சக்கரவண்டியிற் கட்டியவை அரிசிப் பையும் கருவிப்பெட்டியுமே. தென்மராட்சியில் தங்கியிருந்த மாதங்களில் அக்கருவிகளே எங்களுக்குச் சோறு போட்டன. மறு ஆண்டு ஊர் திரும்பியபோது, கதவிழந்து நின்ற வீடுகள் பலவற்றுக்கு அவற்றைக் கொண்டே நிலையும் கதவும் செய்தார்.

அவர் காலமாகிச் சில மாதங்கள் சென்றபின், அவரிடம் தொழில் பழகிய இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். “மாஸ்டர், ஐயாவின்ர உளியளையும் சீவுளியளையும் எனக்குத் தாங்கோவன். காசை மாதாமாதம் தந்து முடிக்கிறன்” என்றார். என் தாயார் கண்கலங்கி, “அது ஐயாவின்ர கையல்லோ, தம்பி? கையை விக்கிறதோ?” என்றார். எனக்கும் மனம் வரவில்லை. இளைஞர் வெறுங்கையுடன் திரும்பினார்.

பெட்டி ஒன்பது ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று மூடிமேற் சந்தனமும் குங்குமமும் இட்டோமேயன்றி, ஒருமுறையேனும் திறந்து பார்த்தோமில்லை. ஒரு மார்கழி மழையிற் கூரை ஒழுகியபோது பெட்டியை நகர்த்தவேண்டி வந்தது. அடிப்பலகையைக் கறையான் அரித்திருந்தது. சீவுளிகளின் மரக்கட்டைகள் கையிலெடுத்ததும் உதிர்ந்தன. உளிகளோ செந்நிறத் துருவினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

இரும்பு துருவேறுவதற்கு ஈரமும் காற்றும் போதும்; கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து அதனை விரைவுபடுத்தும். மேலாகப் படிந்த துருவை எண்ணெயிட்டுத் தேய்த்து நீக்கிவிடலாம். ஆனால் உளியின் தட்டையான பக்கத்தில் அலகருகே துரு குழிபறித்துவிட்டால், அக்குழி மறையுமட்டும் தேய்த்தாலன்றிக் கூர் சீராக அமையாது. எந்திரச் சாணையில் அவசரப்பட்டுத் தேய்த்தாலோ உருக்குச் சூடேறி நீலம் பாய்ந்து, தன் வன்மையை இழந்துவிடும்.

ஆகவே, வீட்டிலே வாளாகிடக்கும் கருவிகளைப் பற்றி மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

முதலாவது, வருகின்ற ஓராண்டில் இதனை எடுப்பவர் யார், எந்த வேலைக்காக? ஆளின் பெயரையும் வேலையையும் சொல்ல முடியுமாயின் வைத்திருக்கலாம். சுத்தியல், கைவாள், குறடு, திருப்புளி ஆகியன எவ்வீட்டுக்கும் வேண்டியவை. “என்றாவது உதவும்” என்பது விடையாகாது.

இரண்டாவது, விற்றபின் வேண்டுமானால் மீண்டும் கிடைக்குமா? கடையில் வாங்கக்கூடியதை விற்பதால் இழப்புப் பெரிதன்று. ஊர்க் கொல்லர் அடித்த வாய்ச்சி போன்றதை விற்குமுன் இருமுறை சிந்திக்கவேண்டும்.

மூன்றாவது, வைத்திருப்பதால் அது கெடுமா? கைக்கருவிகளை எண்ணெய் பூசி உலர்ந்த இடத்தில் வைத்தால் தலைமுறைகள் கடந்தும் நிற்கும். மின்கலத்தில் இயங்கும் துளைகருவி முதலியவை அத்தகையன அல்ல. எடுக்காமல் வைத்திருந்தாலும் மின்கலம் நாளடைவில் வலுவிழக்கும். அத்தகையவற்றை விற்பதாயின் காலந்தாழ்த்தாது விற்றுவிடுதலே அறிவுடைமை.

விற்கத் துணிந்தால் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுக்காதீர்கள். தராசு எடையை அறியுமேயன்றி உளியின் கூரை அறியாது. தொழில் செய்பவரையே தேடிக் கொடுங்கள். விலை சற்றுக் குறைந்தாலும் கருவி வாழும். அன்றியும், கருவிக்கு உரியவர் உயிரோடிருக்கையில் அவரைக் கேளாது ஒன்றையும் விற்றல் ஆகாது. கை நடுங்கும் முதியவராயினும், யாருக்கு எதைக் கொடுக்கலாம் என்பதை அவரே நன்கறிவார்.

பெட்டி திறந்த மறுநாள் நான் அவ்விளைஞரைத் தேடிச் சென்றேன். இப்போது அவர் தாமே பட்டறை நடத்துகிறார். வந்து நெடுநேரம் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஐந்து உளிகளையும் ஒரு வாளையும் தேறும் என எடுத்துவைத்தார். எஞ்சியவற்றைக் காணாதவர்போல ஒதுக்கினார். என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

தயங்கிநின்ற என்னிடம் தாயார் சொன்னார்: “கை அசையாமல் கிடந்தால் மரத்துத்தானே போகும். குடுத்துவிடு, தம்பி.”

தந்தையாரின் உள்ளங்கை பட்டுத் தேய்ந்த கொட்டாப்புளி ஒன்றை மாத்திரம் நாங்கள் வைத்துக்கொண்டோம். நினைவுக்கு அது போதும்.

உங்கள் வீட்டிலும் அத்தகைய பெட்டி ஒன்று இருக்கக்கூடும். அடுத்த ஆயுத பூசைவரை காத்திராமல் இன்றே அதைத் திறந்து பாருங்கள்.